தண்ணீரோடு இறங்குங்கள்: உதகையை நடந்தே படிக்க ஒரு நாள் வழி

ஊட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார்கள். இறங்கிய இடத்திலிருந்தே நடக்கவும் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தப்பு அதுதான். பஸ் ஸ்டாண்டு இருப்பது ஊரின் அடிப்பள்ளத்தில், ஊரோடு கடைசியாகச் சேர்ந்த நிலத்தில். அங்கே ஆரம்பித்தால் நாள் முழுக்க மேடேற வேண்டும். வரலாறும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் போகும்.

துறைமுக ஊர்களில் கடலோரம்தான் பழசு. கோட்டை, கிடங்கு, சுங்கச்சாவடி எல்லாம் அங்கே இருக்கும். உள்ளே போகப்போகப் புதுசு. மலை ஊரில் நீர்க்கரைதான் புதுசு, மேடுதான் பழசு. தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) மேல்சரிவில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் பங்களாவும் சர்ச்சும் நடுக்குன்றுகளில். சந்தையும் பஜாரும் அதற்குக் கீழே. ஏரியைத் தூர்த்து எடுத்த மண்ணில் பந்தயத் திடலும் பஸ் ஸ்டாண்டும். தொட்டபெட்டா சரிவிலிருந்து கோடப்பமந்து கால்வாய் ஊருக்குள் புகுந்து ஏரியில் போய் விழுகிறது. அந்தத் தண்ணீர் இறங்குகிற போக்கிலேயே நீங்களும் இறங்குவதுதான் இங்கே சொல்லும் வழி. மொத்தம் சுமார் 7 கிலோமீட்டர். நடை மட்டும் இரண்டரை மணி நேரம்; நின்று பார்க்கிற நேரத்தையும் சேர்த்து ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் ஒரே ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு.

புறப்படும் முன்

வார நாளாகப் பாருங்கள். இந்த வழியில் வரும் முக்கியமான கட்டடம் ஒன்று கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. விடுமுறை நாளில் கேட்டோடு திரும்ப வேண்டியிருக்கும். ஞாயிறு காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க ஏற்ற நேரமில்லை. பிப்ரவரியும் மார்ச்சும் மிக நல்ல மாதங்கள். ஏப்ரல் பாதியிலிருந்து மே முடிய ஊரின் நடுச்சந்தியான சேரிங் கிராஸில் சாலையைக் கடப்பதற்கே பொறுமை வேண்டும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காற்றோடு சாரல். குடை திரும்பிக்கொள்ளும், மழைக்கோட்டுதான் உதவும். அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிடுவது உண்டு, திரும்பும் நாளை இறுக்கமாகத் திட்டமிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் வானம் துல்லியமாக இருக்கும். ஆனால் உறைபனி விழுந்த புல்வெளி காலை எட்டரை வரை வழுக்கும்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும்; 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வருகிறவர்கள் ஊட்டி சேரவே நண்பகல் ஆகிவிடும். அன்று நடையைத் தொடங்காதீர்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் உடம்பும் பழகிவிடும்: ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சமவெளிக்காரர்களுக்கு முதல் நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் கல்லூரி ஏற்றத்துக்கு மட்டும் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை குறைவு. அடிப்பாகம் தேயாத ஷூ. செருப்பு வேண்டாம், பூங்காவின் மேல்படிகளில் பாசி உண்டு. ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய கோட்டு. குளிராக இருக்கிறதே என்று தொப்பியை விட்டுவிடாதீர்கள். இந்த உயரத்து வெயில் தோலைக் கறுக்கவைத்துவிடும். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் நீலகிரியில் தடை, கையில் வைத்திருந்தால் அபராதம். குடிநீர் ஏடிஎம்கள் ஆங்காங்கே இருக்கின்றன, சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மூடுபனியில் ஈரமான தாளில் மை பரவும். போன் முழு சார்ஜில் இருக்கட்டும். போனில் காட்டும் வரைபடத்தை ஓரளவுதான் நம்பலாம்: இரண்டு இடங்களுக்கு நடுவே 400 மீட்டர் என்று காட்டும், அது எத்தனை படிக்கட்டு என்று சொல்லாது.

மேலே: மந்தும் பூங்காவும்

காலை ஏழு மணிக்கு ஆட்டோவிலோ டவுன் பஸ்ஸிலோ தாவரவியல் பூங்கா வாசலுக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்க ஆரம்பிக்கும். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் புல்வெளியில் படம் எடுக்க நிற்பார்கள். நீங்கள் நிற்காமல் மேலே ஏறுங்கள். பூங்கா 55 ஏக்கர், தொட்டபெட்டாவின் கீழ்ச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்தது. மேல்விளிம்பில் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. வாசலிலிருந்து நிதானமாக ஏறினால் அரை மணி நேரம்.

மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. ஊரின் பெயரே அதிலிருந்துதான் வருகிறது. 'ஒத்தைக்கல் மந்து' என்பதே பலரும் சொல்லும் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. 1821-ல் சென்னையில் அச்சான ஒரு கடிதத்தில் 'வொட்டோக்கிமண்ட்' என்று வருகிறது. 'மந்து' ஆங்கிலேயர் வாயில் 'மண்ட்' ஆகி, பின்னால் தமிழில் 'மண்டலம்' ஆகிவிட்டது. இன்றைய நடையில் 'மந்து' என்று முடியும் பெயர்களைப் பலகைகளிலும் பஸ்களிலும் பார்க்கும்போதெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு முன்னால் இருந்த ஊரின் வரைபடம் அந்தப் பெயர்ப் பட்டியல்தான்.

மந்தில் எப்படி நடந்துகொள்வது என்பதைச் சொல்லிவிட வேண்டும், அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். இது காட்சிக்கூடம் கிடையாது, குடும்பங்கள் வாழும் இடம். பாதையிலேயே நில்லுங்கள். கல் சுவர் சூழ்ந்து தனியாக நிற்கும் சிறு கட்டடத்தைக் கண்டால் அது கோயில் என்று கொண்டு விலகியே இருங்கள். அதன் வளாகத்துக்குள் வெளியார் போகக் கூடாது. ஆளையோ வீட்டையோ கேட்காமல் படமெடுக்காதீர்கள். இங்கே இப்போது பெரும்பாலும் சாதாரண வீடுகள்தான்; பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரியான பழைய வடிவ வீட்டின் கதவைக் கவனியுங்கள், தவழ்ந்துதான் நுழைய முடியும். குளிரையும் விலங்கையும் ஒருசேரத் தடுத்த அளவு அது. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்யும் தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதானால் செய்கிறவர்களிடமே வாங்குங்கள். நூலை எண்ணித் தைக்கிற வேலை, விலையை அடித்துப் பேசாதீர்கள்.

இறங்கும்போது மரங்களைப் பாருங்கள். இந்த மலையில் கட்டடத்தைவிட மரம் தெளிவாகக் காலம் சொல்லும். குட்டையாக, குடை கவிழ்த்த மாதிரி முடி, தளிர் சிவந்த இலைகள், தண்டெல்லாம் பாசி: அது சோலை, மலையின் சொந்தக் காடு. நெட்டையாக, பட்டை உரிந்து தொங்கினால் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ்; ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் வந்தது. மஞ்சள் பூப்பூக்கும் சீகையும் (ஆங்கிலத்தில் வாட்டில்) அதே திசையிலிருந்து அதே காலத்தில் வந்ததுதான். ஊர் பெருத்தபோது விறகுக்குச் சோலை பற்றவில்லை, வேகமாக வளரும் மரம் தேவைப்பட்டது. நட்டது விறகுக்காக, மேய்ச்சல் புல்வெளியும் அதோடு மறைந்தது. பூங்காவும் முதலில் அலங்காரத்துக்கு அமைந்ததில்லை. ஐரோப்பியக் குடியிருப்புக்காரர்கள் சந்தா போட்டு நடத்திய காய்கறித் தோட்டம் அது. லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர் 1848-ல் வந்து பூங்காவாக்கத் தொடங்கினார். 1860-களில் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரத்தைத் தொட்டபெட்டாவில் பயிரிட்டவரும் அவர்தான். இருபது மில்லியன் ஆண்டு பழமையானது என்று பலகை வைத்த கல்மரத்தையும் போகிற வழியில் பார்த்துவிடலாம், இரண்டு நிமிடம் போதும்.

கழிப்பறையைப் பூங்காவை விட்டு வெளியேறும் முன்பே பயன்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மணி நேரம் நல்ல இடம் கிடைக்காது.

சேரிங் கிராஸ்

வாசலிலிருந்து கார்டன் ரோட்டில் கால் மணி நேர இறக்கம். சாலையில் குதிரைகள் திரியும். பின்னால் போய் நிற்காதீர்கள், தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். காலையிலும் அந்தியிலும் காட்டெருமை ஊருக்குள் வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கண்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்கி, வேறு தெருவில் போங்கள். போனைத் தூக்கிக்கொண்டு நெருங்கினவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

நாற்சந்தி நடுவில் நிற்கும் இரும்பு நீரூற்று 1886-ல் வில்லியம் பாட்ரிக் ஆடம் நினைவாக அமைந்தது. அவர் சென்னை ஆளுநராக வந்தது 1880 டிசம்பரில். 1881 மே மாதம் இதே ஊரில் இறந்துபோனார். அரையாண்டுகூட ஆளாதவருக்கு ஊரின் நடுச்சந்தி. பெயரை நோட்டில் எழுதிவையுங்கள், மாலையில் ஏரிக்கரையில் இவரை மறுபடியும் சந்திப்பீர்கள்.

சாப்பாடு இங்கேயே. டீயும் வர்க்கியும் ஊருக்கே உரிய கூட்டு. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுற்றுலாக் கடைகளில் பாக்கெட்டில் இருப்பதை வாங்காமல், பேக்கரியில் அன்று போட்டதை எடைபோட்டு வாங்குங்கள். விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் பழசு, ஈரம் பிடித்தது. சாக்லேட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கல் பங்களா ஏற்றம்

அடுத்துப் போவது கல் பங்களாவுக்கு, ஆங்கிலத்தில் 'ஸ்டோன் ஹவுஸ்'. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சிலர் விழிப்பார்கள். 'அரசு கலைக் கல்லூரி' என்று கேளுங்கள். இருபது நிமிட ஏற்றம். பத்தடிக்கு ஒருமுறை நிற்பதைவிடச் சின்ன அடியாக வைத்து நிற்காமல் ஏறுவது எளிது. வாசல் காவலரிடம் பழைய கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வகுப்பு நடக்கும் பக்கம் போகாதீர்கள்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் முதல் வீட்டைக் கட்டினார். அந்த வீடு இப்போது சிறு அருங்காட்சியகம்; மறுநாள் கோத்தகிரி பஸ்ஸில் போய் வரலாம். 1822-ல் இந்தக் குன்றில் கட்டத் தொடங்கியதுதான் ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. நிலம் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கியது என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த விலையைக் கேட்கும்போது, இதே மேட்டிலிருந்து காலையில் பார்த்த மந்தின் திசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எருமை மேய்ந்த புல்வெளியைத்தான் ஏக்கர் கணக்கில் அளந்திருக்கிறார்கள்.

உயரத்துக்கும் காலத்துக்கும் சொன்ன கணக்கு இங்கே கொஞ்சம் பிசகும்: கீழே இருக்கும் இந்த வீடு பூங்காவுக்கு 26 வருஷம் மூத்தது. நல்ல குன்றாகப் பிடித்தவர் முதலில் வந்தவர். பின்னால் வந்தவர்களுக்கு மிச்சக் குன்றுகள்.

கட்டடத்தின் வயதைப் பலகையை நம்பாமல் கண்ணால் ஊகிக்க இங்கே பழகிக்கொள்ளலாம். முதலில் கூரை. மங்களூர் ஓடு என்பது 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகு வந்த சரக்கு. அதற்கு முந்தைய வீட்டில் அந்த ஓட்டைக் கண்டால் கூரை பின்னால் மாறியது என்று அர்த்தம். பிறகு சுவர்: பூச்சு உதிர்ந்த மூலையில் கல்லா செங்கல்லா என்று பாருங்கள். கல்லின் மேல் செங்கல் ஏறியிருந்தால் மாடி பிற்பாடு எழுப்பியது. புகைபோக்கிகளை எண்ணினால் கணப்பு இருந்த அறைகள் எத்தனை என்று தெரியும். அவற்றில் புகை படிந்த கறுப்பு இல்லாமல் சுத்தமாக இருந்தால், அந்த வீடு இப்போது அலுவலகம். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டாவது சாட்சி வேண்டும்.

சர்ச், கல்லறை, நூலகம்

கல்லூரிக் குன்றிலிருந்து புனித ஸ்டீபன் தேவாலயம் கால் மணி நேரம். கலெக்டர் ஆபீஸ் வழி கேட்டால் சரியாகக் கொண்டுவிடுவார்கள். 1829 ஏப்ரல் 23-ல் அடிக்கல், 1831 ஈஸ்டர் அன்று திறப்பு. அப்போதைய ஆளுநரின் பெயர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். சர்ச்சுக்கு எந்தப் புனிதர் வாய்த்தார் என்பதைக் கவனியுங்கள்.

உள்ளே போனதும் மேலே பாருங்கள். இந்த மரவேலைக்கான தேக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மகாலைப் பிரித்துக் கொண்டுவந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் இந்த மலையே கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. முப்பது வருஷம் கழித்து அவர் அரண்மனை உத்திரம் மலையேறி இங்கே சர்ச்சுக் கூரையைத் தாங்குகிறது. ஒரே இடத்தில் இரண்டு அரசுகளைப் பார்க்க ஊட்டியில் இதைவிட நல்ல இடமில்லை. ஃபிளாஷ் போடாதீர்கள், பிரார்த்தனையில் யாராவது இருந்தால் வெளியே காத்திருங்கள்.

பின்சரிவில் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டாவும் மகள் ஹாரியட்டும் இங்கேதான் இருக்கிறார்கள்; சல்லிவன் இங்கிலாந்து திரும்பி 1855-ல் அங்கே இறந்தார். எழுத்து மங்கிய கல்லைப் படிக்கச் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கல் அரித்துப்போகும். போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், மேற்பரப்பை ஒட்டிப் பிடியுங்கள். வெட்டிய எழுத்துக்குள் நிழல் விழுந்து பெயர் எழும்பி வரும். வயதுகளை மட்டும் ஒரு பத்துக் கல்லில் குறித்துப் பாருங்கள். நோயாளிச் சிப்பாய்கள் உடம்பு தேற அனுப்பிய ஊர் இது. தேறாதவர்களின் வயது இங்கே இருக்கிறது, குழந்தைகளின் வயதும். மழைக்குப் பிறகு இந்தச் சரிவு வழுக்கும், சாய்ந்த கல்லில் கை ஊன்றாதீர்கள்.

பக்கத்திலேயே நீலகிரி நூலகம். சங்கம் 1859-ல் தொடங்கியது. கட்டடம் ராபர்ட் சிஸம் வரைந்தது. சென்னையில் செனட் ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு அதே கை என்பது வியப்பாக இருக்கும், அங்கே குவிமாடம், இங்கே கூர்முனை வளைவு. உறுப்பினர் அல்லாதவர்கள் அலுவலகத்தில் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், முகப்பைப் பார்த்தாலே பாதி கிடைத்துவிடும்.

கீழே: சந்தையிலிருந்து ஏரி வரை

இங்கிருந்து இறங்க இறங்கப் பேச்சு மாறும். மேலே இருந்தது ஆங்கிலப் பெயர்கள். கீழே தமிழ், படுக மொழி, மலையாளம், கன்னடம், உருது. பங்களாக்களுக்குக் காய்கறி, துணி, விறகு, சமையல் என்று எல்லாம் கொடுத்தவர்களின் ஊர் இது. வழிகாட்டிப் புத்தகங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன, ஆனால் இந்த நடையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். நகராட்சிச் சந்தையில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டர்னிப் மூட்டைகளைப் பாருங்கள். இந்த 'இங்கிலீஷ் காய்கறி' காலையில் பார்த்த அந்தச் சந்தாத் தோட்டத்தின் வாரிசு. சந்தையை ஒட்டிய மாரியம்மன் கோயிலைச் சந்தைக்கடை மாரியம்மன் என்றே சொல்வார்கள். மாரியும் காளியும் ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். சித்திரைத் தேர்த் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தார் உபயம். ஊருக்கு யார் யார் எங்கிருந்து பிழைக்க வந்தார்கள் என்பதன் பட்டியலை அந்த உபயதாரர் நோட்டீசிலேயே படித்துவிடலாம். பஜாரில் பள்ளிவாசல் ஐந்து நிமிட நடையில். மதியச் சாப்பாட்டை இந்தப் பகுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், சேரிங் கிராஸைவிடச் செலவு குறைவு.

சந்தையைத் தாண்டினால் தரை சட்டென்று தட்டையாகும். நிற்கிற இடம் பழைய ஏரி. சல்லிவன் 1823-லிருந்து 1825-க்குள் பாசனத்துக்காக ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார். பிற்பாடு கிழக்குப் பாதியைத் தூர்த்துப் பந்தயத் திடல் ஆனது, பிறகு பஸ் ஸ்டாண்டு. மிச்சம்தான் இப்போது படகு விடும் ஏரி. படகு இல்லத்துக்குள் போக வேண்டியதில்லை. அதற்கு முன்னாலேயே புனித தாமஸ் தேவாலயம் இருக்கிறது. 1867-ல் அடிக்கல் நாட்டியது. கல்லறைத் தோட்டத்தில் மிக உயரமான நினைவுச் சின்னத்தைத் தேடுங்கள். காலையில் நோட்டில் எழுதிய ஆடம்.

கடைசியாக ரயிலடி. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-ல் திறந்தது, ஊட்டி வரை வர 1908 ஆயிற்று. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பல்சக்கரத் தண்டவாளத்தை இங்கே தேடி ஏமாறாதீர்கள், அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். குன்னூரிலிருந்து இங்கே இழுத்து வருவது டீசல் இஞ்சின்.

மழை நாளில் நடந்தால் ஒரு எச்சரிக்கை. பெருமழை அடித்தால் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் சிக்கிக்கொள்ளும். காலையிலிருந்து உங்களோடு இறங்கி வந்த கால்வாய்த் தண்ணீர் பழைய ஏரிக்குத்தான் வருகிறது. அந்த நேரத்தில் பாலத்தடியில் இறங்காமல் சந்தைப் பக்கமே ஒரு டீக்கடையில் ஒதுங்கி, தண்ணீர் வடிந்த பிறகு பஸ் பிடியுங்கள்.